‘மொத்தமா திருப்பி எழுதிடலாம் சார்’

மென்பொருள் அலுவலகங்களில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது காதில் விழும் வாக்கியம் இது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பையனோ பெண்ணோ பழைய கோடைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். “என்ன சார் இது, ஒரே குப்பையா இருக்கு? மொத்தமா திருப்பி எழுதிடலாம் சார்.” அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே வாக்கியத்தை இருபது வருட அனுபவமுள்ள மேனேஜர், பவர்பாயின்ட்டில் ‘நவீனமயமாக்கல்’ என்று தலைப்புப் போட்டுச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதுவதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

பழைய கோடு நல்லதா, புதிய கோடு நல்லதா என்று பொதுவாகப் பேசினால் பட்டிமன்றம்தான் நடக்கும். அதனால் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: நெட்வொர்க் ஃபைல் சர்வருக்குள் இருக்கும் கோப்புப் பூட்டுக் கோடு. விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு பரிமாறும் சாம்பா, யூனிக்ஸ் உலகத்தின் என்எஃப்எஸ், இவற்றின் வயிற்றுக்குள் இருப்பது. பல வருடம் இந்தப் பக்கத்தில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இதைவிட அசிங்கமாகத் தெரியும் கோடு குறைவு. இதைவிட அவசரப்பட்டுக் கை வைக்கக்கூடாத கோடும் குறைவு. அந்த அசிங்கம் எழுதியவரின் சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. நாற்பது வருடமாக, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வாக்குறுதிகளை யாரோ கொடுத்துவிட்டுப் போனார்கள். வேறு யாரோ அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தவருக்கு மாலை விழுகிறது. காப்பாற்றுகிறவருக்கு ‘மெயின்டனன்ஸ்’ என்று பெயர்.

சத்தம் போடாத விபத்து

பூட்டு எதற்கு? பகிர்ந்த ஃபோல்டரில் ஒரு கணக்குக் கோப்பு இருக்கிறது. இருப்பு 10,000 ரூபாய். இரண்டு பேர் இரண்டு மேசையில் அதைத் திறக்கிறார்கள். ஒருவர் 2,000 வரவு வைத்து 12,000 என்று எழுதுகிறார். இன்னொருவர், தான் முன்பே படித்த 10,000-லிருந்து 1,000 கழித்து 9,000 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியது 11,000. இருப்பது 9,000. முதல் ஆளின் வரவு காணாமல் போய்விட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, எந்தக் கணினியும் எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை என்பதுதான். இரண்டு பேருக்கும் ‘சேமிக்கப்பட்டது’ என்றே வந்திருக்கும். மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியும். அப்போது பழியை ஏற்பது அந்த மேசையில் உட்கார்ந்திருந்த கிளார்க். சர்வரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதைத் தடுக்கத்தான் பூட்டு. ‘நான் முடிக்கும்வரை நீ பொறு’ என்று ஒரு ப்ரோக்ராம் கேட்கிறது, சர்வர் ‘சரி’ என்கிறது. அந்த ‘சரி’ ஒரு வாக்குறுதி. எக்செல்லில் ஒரு கோப்பைத் திறக்கும்போது ‘இன்னொருவர் திறந்து வைத்திருக்கிறார், படிக்க மட்டும்தான் முடியும்’ என்று வந்து எரிச்சல்பட்டிருப்பீர்கள். அந்த எரிச்சல்தான் உங்கள் கணக்கைக் காப்பாற்றிய வேலைக்காரன்.

முதலில் வந்தவன் எழுதியதே சட்டம்

யூனிக்ஸில் கோப்பின் குறிப்பிட்ட பைட்டுகளை மட்டும் பூட்டும் முறையை 1988இல் போசிக்ஸ் தரநிலை சட்டமாக்கியது. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது. ஒரு ப்ராசஸ் ஒரு கோப்பைப் பூட்டியிருக்கிறது. அதே ப்ராசஸுக்குள் வேறு எங்கோ அதே கோப்பை இன்னொரு தடவை திறந்து மூடினால், அந்தக் கோப்பின் மேல் அந்த ப்ராசஸ் வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் கழன்றுவிடும்.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நீங்கள் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறீர்கள். வீட்டில் வேறு யாரோ ஜன்னலைத் திறந்து மூடுகிறார்கள். பீரோ திறந்துகொள்கிறது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் ப்ரோக்ராம் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த ஒரு லைப்ரரி, சும்மா கோப்பின் தலைப்பைப் படித்துப் பார்த்துவிட்டு மூடியிருக்கும். அது செய்ததில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் பூட்டு போய்விட்டது.

இது என்ன கூத்து என்று கேட்டால், ‘விதி அப்படித்தான்’ என்பதே பதில். பூட்டுக்குச் சொந்தக்காரர் திறந்த கோப்பு இல்லை, ப்ராசஸ் என்று அந்த விதி முடிவு செய்துவிட்டது. ஒரு ப்ராசஸுக்குள் ஐம்பது த்ரெட்டுகள் ஓடும் காலம் அப்போது வந்திருக்கவில்லை. இத்தனைக்கும் 1983இலேயே பெர்க்லி யூனிக்ஸ் 4.2இல், திறந்த கோப்போடு பூட்டை இணைக்கும் இன்னொரு முறை வந்திருந்தது. அதில் முழுக் கோப்பைத்தான் பூட்ட முடியும், துண்டைப் பூட்ட முடியாது. ஆக ஒன்றில் துண்டு உண்டு, நம்பிக்கை இல்லை. இன்னொன்றில் நம்பிக்கை உண்டு, துண்டு இல்லை.

சாம்பா இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? ஒரு விண்டோஸ் பயனர் ‘கோப்பை மூடு’ என்றால் சாம்பா உடனே மூடாது. அதே கோப்பில் இன்னும் பூட்டு பாக்கி இருக்கிறதா என்று தன் பதிவேட்டைப் பார்க்கும். இருந்தால், மூட வேண்டியதை ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசிப் பூட்டு கழன்ற பிறகுதான் மூடும். உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளமும் இதே வித்தையைத்தான் செய்கிறது. அதன் மூல நிரலில் இந்த விதியைப் பற்றி நீளமான ஒரு குறிப்பும் இருக்கிறது. படித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும்.

இப்போது ஒரு புது ஆள் இந்தக் கோடைப் படிக்கிறார் என்று வையுங்கள். ‘கோப்பை மூடச் சொன்னா மூட வேண்டியதுதானே? எதுக்குப் பட்டியல்? எதுக்குக் காத்திருக்கணும்? மெமரி லீக் மாதிரி இருக்கே!’ நாற்பது வரிகளை நீக்குகிறார். கோடு சுத்தமாகிவிட்டது. அன்றைக்கு ஓடிய சோதனைகள் எல்லாம் பச்சை. ரிவ்யூவில் கைதட்டல். பீரோ மட்டும் திறந்து கிடக்கிறது.

2014இல் லினக்ஸ் 3.15இல்தான், துண்டைப் பூட்டவும் முடிகிற, திறந்த கோப்போடு ஒட்டியிருக்கவும் செய்கிற புதுவகைப் பூட்டு வந்தது. அது போசிக்ஸ் தரநிலையில் ஏறியது 2024இல். சட்டம் 1988, திருத்தம் 2024. இடையில் 36 வருடம் அந்த விதியின் பாரத்தைச் சுமந்தது யார்? மாநாட்டு மேடையில் பேசியவர்களா?

இரண்டு மாமியார்களுக்கு ஒரு மருமகள்

யூனிக்ஸ் விதியோடு நிற்கவில்லை. விண்டோஸுக்குத் தனி விதி. யூனிக்ஸ் பூட்டு ஒரு நாகரிகம் மாதிரி. கேட்டுக்கொள்கிறவர்கள்தான் மதிப்பார்கள், பூட்டைப் பற்றிக் கேட்காமல் நேரே எழுதுகிற ப்ரோக்ராமை அது தடுக்காது. விண்டோஸ் பூட்டு கட்டாயம். பூட்டிய பைட்டில் இன்னொருவர் எழுதப் போனால் தோல்விதான். கோப்பைத் திறக்கும்போதே ‘நான் வைத்திருக்கும்வரை வேறு யாரும் எழுதத் திறக்கக்கூடாது’ என்று நிபந்தனை போடவும் விண்டோஸில் வழி உண்டு. அதற்கு நேரான ஒன்று யூனிக்ஸில் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் பாருங்கள். ஒருவர் 0 முதல் 99 வரை உள்ள பைட்டுகளுக்கு ஒரு படிப்புப் பூட்டு போடுகிறார். பிறகு 50 முதல் 149 வரை இன்னொன்று. இப்போது முதல் பூட்டைக் கழற்றுகிறார். மிச்சம் என்ன?

விண்டோஸ் கணக்கில் இரண்டு பூட்டும் தனித்தனி. முதலாவது போனால் இரண்டாவது முழுசாக இருக்கும்: 50 முதல் 149 வரை. போசிக்ஸ் கணக்கில் இரண்டும் ஒட்டி 0 முதல் 149 வரை ஒரே பூட்டாகிவிட்டது. அதிலிருந்து 0–99 கழற்றினால் மிச்சம் 100 முதல் 149 வரைதான். நடுவில் 50 பைட்டுகள் பூட்டில்லாமல் அம்போவென்று நிற்கின்றன. அதோடு, விண்டோஸ் அனுப்பும் பைட் எண் 64 பிட் முழுசையும் பயன்படுத்தலாம். போசிக்ஸில் ஒரு பிட் குறி காட்டப் போய்விடும், 63தான் மிச்சம். கோப்பே எட்டாத உயரத்தில் ஒரு பைட்டைப் பூட்டி, அதைச் சைகையாக வைத்துக்கொள்ளும் விண்டோஸ் ப்ரோக்ராம்கள் உண்டு. அந்த எண்ணை யூனிக்ஸ் கெர்னலிடம் சொல்லவே முடியாது.

அதனால் சாம்பா பூட்டுக் கணக்கை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறது. விண்டோஸ்காரர்களுக்குள் நடப்பதற்குத் தன்னுடைய சொந்தப் பதிவேடு. அதே கோப்பை என்எஃப்எஸ் வழியாகவோ சர்வரிலேயோ திறக்கும் யூனிக்ஸ் ப்ரோக்ராம்களும் மதிக்க வேண்டுமே என்று, முடிந்தவரை கெர்னலிலும் ஒரு பிரதி. ஒவ்வொரு தடவை பூட்டுக் கழலும்போதும், வேறு எந்தப் பூட்டும் மூடாத துண்டுகள் எவை என்று கணக்குப் போட்டு அவற்றை மட்டும் கெர்னலில் கழற்றும். அந்தக் கணக்குப் போடும் கோடு பார்க்க நன்றாக இருக்காது. எப்படி இருக்கும்? இரண்டு மாமியார்களிடமும் நல்ல பெயர் எடுக்க வேண்டிய மருமகளின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

இந்த விண்டோஸ் விதிகளை சாம்பாக்காரர்களுக்கு யாரும் புத்தகமாகக் கொடுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் இதைத் தொடங்கியபோது, கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். பின்னால் இதை விளக்கும்போது அவர் ஒரு பிரெஞ்சு ஹோட்டல் உவமை சொன்னார். மொழி தெரியாத ஊரில் ஹோட்டலில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் எந்தச் சொல் சொன்னால் சர்வர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனித்துக் கவனித்து மொழி கற்பது மாதிரி. ஐரோப்பிய ஆணையத்தோடு நடந்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் தோற்று, 2007 டிசம்பரில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் சாம்பாவுக்கு முறையான ஆவணங்கள் கிடைத்தன. அதுவரை தெரிந்துகொண்டதெல்லாம் எங்கே இருக்கிறது? கோடில். நீங்கள் ‘குப்பை’ என்று சொன்ன அதே கோடில். சோதனை ப்ரோக்ராம்களில். சில பேர் தலையில்.

தொண்ணூறு நொடி மௌனம்

என்எஃப்எஸ் கதை வேறு மாதிரி. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதைச் செய்தபோது அதன் பெருமையே சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பதுதான். செத்துப் பிழைத்தால் எந்தக் கவலையும் இல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடரும். அருமையான யோசனை. ஆனால் பூட்டு என்றாலே நினைவு. யார், எதை, எங்கே பூட்டினார்கள் என்று ஞாபகம் வைத்தாக வேண்டும். அதனால் பூட்டைத் தனி நெறிமுறையாக வெளியே தள்ளினார்கள். பூட்டுக்கு ஒரு காவலாளி; யார் செத்தார், யார் பிழைத்தார் என்று சொல்ல இன்னொரு காவலாளி. பூட்டிவிட்டு ஒரு கணினி திரும்பி வராமலே போய்விட்டால் அந்தப் பூட்டு அப்படியே தொங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பூட்டு உடைத்தவர்களைக் கேளுங்கள்.

நான்காம் பதிப்பு (முதல் வரைவு 2000, திருத்தியது 2003) இதைச் சரிசெய்தது. பூட்டு இப்போது குத்தகை. கிளையன்ட் அவ்வப்போது ‘உயிரோடு இருக்கேன்’ என்று புதுப்பிக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் வழக்கமான அளவு 90 நொடி. சர்வரே விழுந்து எழுந்தால் என்ன ஆகும்? எழுந்தவுடன் ஒரு கிரேஸ் பீரியட். அந்த நேரத்தில், முன்பே பூட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் வந்து ‘இது என்னுடையது’ என்று மீட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கேட்பவர்களுக்கு ‘கொஞ்சம் பொறுங்க’.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், இந்தக் காத்திருப்பை ஒரு குறையாகப் பதிவு செய்தார்கள். “சர்வர் மேல வந்துடுச்சு, ஆனா 90 செகண்ட் தூங்குது. காம்படிட்டர் பாக்ஸ் பத்து செகண்ட்ல எழுந்திருக்குது.” மீட்டிங்கில் ஒருவர் ரொம்ப எளிமையாகத் தீர்வு சொன்னார்: “ஜீரோ பண்ணிடுங்க.” பூஜ்யம் பண்ணினால் என்ன ஆகும்? சர்வர் எழுந்த முதல் நொடியில் புதியவர் ஒருவர் வந்து அதே பைட்டுகளைப் பூட்டிவிடுவார். பழையவர் இன்னும் சர்வர் திரும்பியதையே கண்டுபிடித்திருக்க மாட்டார். தான் பூட்டியிருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு வீட்டுக்கு இரண்டு பட்டா. விளம்பரத் தாளில் மட்டும் நம் பாக்ஸ் வேகமானது.

எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் சீக்கிரம் முடிக்கலாம். 4.1 பதிப்பில் ‘என் மீட்பு முடிந்தது’ என்று கிளையன்ட் சொல்வதற்கே ஒரு செய்தி வைத்திருக்கிறார்கள். அது சரியான வழி. ஆனால் அதற்கு யார் யார் பூட்டு வைத்திருந்தார்கள் என்று வட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் கோடைச் சீராக வைத்திருக்க வேண்டும். அதாவது, மறுபடியும் மெயின்டனன்ஸ். ‘ஜீரோ பண்ணிடுங்க’ என்பதற்கு ஆள் வேண்டாம்.

பொய் சொல்லும் சர்வர்

இனி உண்மையான எதிரிக்கு வருகிறேன். பூட்டு தகராறு செய்தால் இணையத்திலும் அலுவலகத்திலும் கிடைக்கும் முதல் ஆலோசனை, ‘பூட்டை ஆஃப் பண்ணிடு’ என்பது. என்எஃப்எஸ்ஸில் ‘நோலாக்’ என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டால் பூட்டு அந்த ஒரு கிளையன்ட் கணினிக்குள் மட்டும் செல்லும். சர்வருக்குத் தெரியவே தெரியாது. வட்டில்லாத கணினிகளைத் துவக்குவது போன்ற சில இடங்களில் அதற்கு நியாயமான பயன் உண்டு. ஆனால் பத்து பேர் பகிரும் ஃபோல்டரில் அதைப் போட்டால், ப்ரோக்ராம் ‘பூட்டு கிடைத்ததா?’ என்று கேட்கும், ‘கிடைத்தது’ என்று பதில் வரும். பத்து பேருக்கும் அதே பதில் வரும்.

தொங்கிக்கொண்டிருந்த ப்ரோக்ராம் ஓட ஆரம்பித்துவிடும். டிக்கெட் மூடப்படும். ‘சூப்பர் சார்’ என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் வரும். கணக்கு எப்போது பிசகும் என்று யாருக்கும் தெரியாது.

முடியாது என்று சொல்லும் சர்வரை நான் மதிக்கிறேன். செய்யாமலே செய்தேன் என்று சொல்லும் சர்வர் திருடனைவிட மோசம்; திருடனாவது கதவை உடைத்த அடையாளம் விட்டுப் போவான். எஸ்கியூலைட்காரர்கள் தங்கள் ஆவணத்திலேயே, பல என்எஃப்எஸ் அமைப்புகளில் பூட்டு ஒழுங்காக வேலை செய்வதில்லை, ஜாக்கிரதை என்று எச்சரிக்கிறார்கள். அவர்களை அப்படி எழுத வைத்தது இந்த மாதிரிப் பொய்கள்தான்.

நேர்மைக்கு உதாரணமும் இதே உலகத்தில் இருக்கிறது. நெட்வொர்க் போய் குத்தகை காலாவதியாகி, சர்வர் உங்கள் பூட்டை எடுத்துவிட்டது என்று வையுங்கள். லினக்ஸ் கிளையன்ட் அதைச் சத்தமில்லாமல் மறுபடி வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கலாம். அதற்கு ஒரு அமைப்பும் உண்டு. ஆனால் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் வேறு யாராவது கோப்பை மாற்றியிருக்கலாம், அதனால் தரவு கெடலாம் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எனவே ப்ரோக்ராமுக்குப் பிழை வரும். பயனர் திட்டுவார். திட்டட்டும். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத் துணிந்த ஒருவர் அந்த முடிவை எடுத்திருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு எந்த அப்ரைசல் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

‘இப்ப எல்லாம் கிளவுட் சார்’

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. முதலாவது, ‘இப்ப யார் சார் ஃபைல் சர்வர் வெச்சிருக்கா? எல்லாம் கிளவுட்.’ சரி, அமேசானின் ஈஎஃப்எஸ் என்ன பேசுகிறது? என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு. மைக்ரோசாஃப்டின் அஸூர் ஃபைல்ஸ்? எஸ்எம்பியும் என்எஃப்எஸ் 4.1-உம். வீட்டு மேசையில் படம் சேமிக்க வாங்கி வைக்கிற சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது சாம்பா. பழைய வாக்குறுதி புது ஊருக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். அங்கேயும் ஒருவர் அதைக் காப்பாற்ற வேண்டும்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. ‘அப்போ எதையுமே மாத்தக்கூடாதா? அசிங்கத்துக்கு ஆரத்தி எடுக்கணுமா?’ இல்லை. என்எஃப்எஸ் நான்காம் பதிப்பே ஒரு திருப்பி எழுதல்தான். 2014இல் வந்த புதுப் பூட்டும் அப்படித்தான். ஆனால் அந்தப் பூட்டை எழுதிய ஜெஃப் லேட்டன், லினக்ஸில் கோப்புப் பூட்டுக் கோடைப் பராமரிப்பவர். எங்கே வலிக்கிறது என்று தெரிந்தவர் மருந்து கொடுத்தார். பழைய விதியை அவர் அழிக்கவும் இல்லை. அதை நம்பி ஓடும் ப்ரோக்ராம்களுக்கு அது இன்றும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் புதுக் கதவு ஒன்று வைத்தார்.

இடிக்கவும் முறை உண்டு. லினக்ஸிலும் கட்டாயப் பூட்டு என்று ஒன்று இருந்தது. சரியாக வேலை செய்யாது, ஏறக்குறைய யாரும் பயன்படுத்தவில்லை. உடனே தூக்கி எறியவில்லை. முதலில் அதை விட்டுவிட்டுக் கெர்னலைக் கட்டும் வசதி கொடுத்தார்கள். சில வருடம் யாராவது கத்துகிறார்களா என்று பார்த்தார்கள். 2021இல் 5.15 பதிப்பில்தான் எடுத்தார்கள். வீட்டை இடிப்பதற்கு முன் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்ப்பது மாதிரி. நான் எதிர்ப்பது மாற்றத்தை இல்லை. குரல் கொடுக்காமல் கொண்டுவரும் புல்டோசரை.

ஏரி வாரியம்

இந்தப் புல்டோசர் மனநிலை நம்மிடம் எங்கிருந்து வந்தது? சென்னையிலும் கோவையிலும் ஐ.டி. வேலையில் இருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். ‘டெவலப்மென்ட்டா, சப்போர்ட்டா?’ என்ற கேள்வியில் ஒரு சாதி ஏணி ஒளிந்திருக்கிறது. சப்போர்ட் ப்ராஜெக்டில் போட்டால் பிள்ளைகள் அழுகிறார்கள். ‘ரெண்டு வருஷம் அதுல இருந்தா மார்க்கெட்ல விலை போகாது’ என்று சீனியர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. வருடக் கடைசியில் அப்ரைசலில் ‘என்ன சாதிச்சே?’ என்று கேட்டால், ‘ஒண்ணும் நடக்கல சார், எந்தக் கோப்பும் கெடல’ என்று சொல்லிப் பதவி உயர்வு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. புதிதாக எழுதி மூன்று இடத்தில் உடைத்து, உடைந்ததை ராத்திரி முழுக்க விழித்துச் சரிசெய்தவருக்கு ‘ஹீரோ’ விருது கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இது நம் மரபு என்று சொல்லிவிடாதீர்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று நிபந்தனை எழுதிக் கல்லில் வெட்டினார்கள். ஏரி வெட்டுவது ஒரு தடவை, பார்த்துக்கொள்வது ஒவ்வொரு வருடமும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடிமராமத்து என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. குடிமராமத்து நின்ற ஊர்களில் ஏரி என்ன ஆனது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

திறந்த மூல மென்பொருள் இன்றைக்குப் பொது ஏரி. எல்லோரும் தண்ணீர் எடுக்கிறார்கள். சாம்பாவை உள்ளே வைத்துப் பெட்டி விற்கும் நிறுவனங்கள் எத்தனையோ. மதகைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சிலர். 2024இல் ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்ட் சாம்பாவுக்கு நிதி ஒதுக்கியது. ஒரு அரசாங்கம் இதையும் பாலம், சாலை மாதிரி ஒரு பொது உள்கட்டமைப்பாகப் பார்த்ததே என்று எனக்குச் சந்தோஷம். இவ்வளவு பெரிய மென்பொருள் தொழிலை வைத்துக்கொண்டிருக்கும் நாம், தண்ணீர் எடுக்கும் குடத்தைத் தவிர வேறு எதைக் கையில் எடுத்திருக்கிறோம்?

என்ன கேட்கிறேன்

பெரிய கோரிக்கை ஒன்றுமில்லை. பூட்டுக் கோடில் வேலை செய்கிறவர், ‘இந்த வரி ஏன்’ என்று எழுதிவிட்டுப் போகட்டும். ‘என்ன செய்கிறது’ என்று கோடைப் பார்த்தாலே தெரியும். எந்தக் கோப்பு, எந்தச் சூழலில் கெட்டதால் இந்த வரி வந்தது என்பது தெரியாது. ஒரு வரியை நீக்க விரும்புகிறவர், அந்த வரி இல்லாவிட்டால் தோற்கிற சோதனை ஒன்றை முதலில் எழுதட்டும். எழுத முடியவில்லை என்றால் அவருக்கு அந்த வரி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். பெட்டி விற்கிற நிறுவனம், தான் சரிசெய்ததை மூல திட்டத்துக்குத் திருப்பி அனுப்பட்டும். வருடத்தில் சில மாதமாவது ஒரு ஆளை அதற்கென்று விடட்டும். மேனேஜர்கள், ஒரு வருடம் ஒன்றும் கெடாமல் பார்த்துக்கொண்டவரின் பெயரை ஒரு தடவையாவது மீட்டிங்கில் சொல்லட்டும்.

அடுத்த தடவை ‘மொத்தமா திருப்பி எழுதிடலாம் சார்’ என்று யாராவது ஆரம்பித்தால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கோடு யாருக்கு, என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது? அதில் எதை முறிக்கப் போகிறோம்? முறித்தது தெரியவரும்போது, ஆடிட்டர் முன்னால் தலைகுனிந்து நிற்கப் போவது நாமா, அந்தக் கிளார்க்கா?